காட்டுப் பாதையும் கார் எஞ்சினும்

இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள ஊர் எம்பிலிப்பிட்டிய. பெல்மதுளையிலிருந்து தெற்கே இறங்கும் பெருவீதி காவத்தையையும் கொடக்கவெலையையும் கடந்து இவ்வூரை அடைந்து, பின்னர் கடற்கரையை அடுத்த நோனாகமவை நோக்கிச் செல்கின்றது. அவ்வழியே பயணம் செய்வோர் ஒரே நாளில் இரண்டு வேறு உலகங்களைக் காண்பர். வடக்கே தேயிலையும் இறப்பரும் செழித்த மலைச் சரிவுகள். ஆண்டின் பெரும்பகுதி மழை. தோட்டத்துப் பாதைகளில் வழுக்கும் செம்மண் சேறு. தெற்கே வளவை கங்கையின் சமவெளி, கொதிக்கும் வெயில், புதர்க்காடு, மாவு போன்ற புழுதி. மலையும் சமவெளியும் சந்திக்கும் வாயிலில் எம்பிலிப்பிட்டிய நிற்கின்றது.

இத்தகைய நிலத்தில் ஓடும் மோட்டார் வண்டிக்கு இரட்டைச் சோதனை உண்டு. காலையில் இறக்குவானைப் பக்கத்து மலைத் தோட்டமொன்றின் செங்குத்தான பாதையில் சேற்றை மிதித்து ஏறிய அதே வண்டி, மாலையில் உடவளவைக் காட்டோரத்துப் புழுதியில் ஊர்ந்து செல்லவேண்டும். தார் வீதிக்கென்று செய்யப்பட்ட கார் எஞ்சின் இவ்விரண்டையும் தாங்குமா? தாங்கும்படி அதனைத் திருத்தி அமைக்க முடியுமா? இவ்வினா சப்பிரகமுவ மாகாணத்துக் கராஜ்களுக்கு மட்டும் உரியதன்று. உலகப் புகழ் பெற்ற ஜீப் வண்டியும் லாண்ட் ரோவர் வண்டியும் இதே வினாவுக்கு விடையாகவே பிறந்தன என்பது மோட்டார் வரலாற்றின் சுவையான செய்தியாகும்.

கரடுமுரடான நிலத்துக்கு எஞ்சினைத் தயார் செய்வதென்றால் அதன் வேகத்தையும் குதிரைச் சக்தியையும் கூட்டுவதே வழி எனப் பலர் எண்ணுவர். பந்தயக் காருக்கு அது பொருந்தும். காட்டுப் பாதைக்குப் பொருந்தாது. அங்கே வேண்டப்படுவது குறைந்த சுற்றிலும் தளராத இழுப்பு, நீண்ட நேரம் சூடேறாமல் உழைக்கும் பொறுமை, தூசியையும் நீரையும் உட்புகவிடாத காப்பு ஆகிய மூன்றுமே. இந்த உண்மையை முதலில் நடைமுறையில் நிறுவிக் காட்டியது ஒரு பழைய, மலிவான காரின் எஞ்சின்.

அமெரிக்காவின் வில்லிஸ் ஓவர்லாண்ட் நிறுவனம் 1926ஆம் ஆண்டில் விப்பெட் என்னும் சிறு காரை வெளியிட்டது. அதன் வழிவந்த நாலு சிலிண்டர் எஞ்சின் பல ஆண்டுகள் அந்நிறுவனத்தின் கார்களில் ஓடியது. 1930களில் அதன் ஆற்றல் 48 குதிரைச் சக்தி. கடுமையாக ஓட்டினால் விரைவில் பழுதாகிவிடும் என்ற அவப்பெயரும் அதற்கு இருந்தது. 1938ஆம் ஆண்டில் டெல்மார் ரூஸ் என்பார் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராகப் பொறுப்பேற்றார். புதிய எஞ்சின் ஒன்றை உருவாக்க நிறுவனத்திடம் பணம் இல்லை. ஆகவே இருந்ததையே திருத்தும் பணியில் அவர் இறங்கினார்.

ரூஸ் செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் சிறியவையே. வார்ப்பிரும்புப் பிஸ்டன்களுக்குப் பதிலாக எடை குறைந்த அலுமினியப் பிஸ்டன்களை அமைத்தார். உராயும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளிகளை மிக நுண்மையாக்கினார். வால்வுகளுக்கும் தாங்கிகளுக்கும் உறுதிமிக்க உலோகக் கலவைகளைத் தேர்ந்தார். சுழற்சக்கரத்தின் எடையைக் குறைத்தார். திருத்திய எஞ்சினை நிமிடத்துக்கு 4,400 சுற்று வேகத்தில், நூறு மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓட்டிச் சோதித்தார். எங்கே உடைந்ததோ அங்கே திருத்தினார், மீண்டும் ஓட்டினார். இறுதியில் அதே 2.2 லீற்றர் அளவிலிருந்து 60 குதிரைச் சக்தி கிடைத்தது. அதைவிட முக்கியமாக, அந்த எஞ்சின் இப்போது உடையாமல் உழைத்தது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபின், 1940ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் சிறிய, நாலு சக்கரங்களாலும் இழுக்கும் வேவு வண்டியொன்றைக் கோரியது. பாண்டம், வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய மூன்று நிறுவனங்கள் மாதிரிகளைச் செய்து தந்தன. பாண்டம் வண்டியில் கொண்டினென்டல் நிறுவனத்தின் எஞ்சின் இருந்தது. ஃபோர்ட் நிறுவனமோ தனது உழவு இயந்திரத்தின் எஞ்சினை மாற்றி அமைத்துப் பொருத்தியது. இவ்விரண்டும் ஏறக்குறைய 45 குதிரைச் சக்தி அளவிலேயே நின்றன. வில்லிஸ் மாதிரி எடையில் கூடியதாயினும், சேற்றிலும் ஏற்றத்திலும் அதன் இழுப்புக்கு மற்றவை ஈடாகவில்லை. 1941ஆம் ஆண்டில் வில்லிஸ் வடிவம் தரமாக ஏற்கப்பட்டது. போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அவை அனைத்திலும் ரூஸ் திருத்திய பழைய கார் எஞ்சினே துடித்தது.

அவ்வெஞ்சினின் அமைப்பைச் சற்று உற்றுநோக்குவது தகும். அதன் சிலிண்டரின் விட்டம் 79 மில்லிமீற்றர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரமோ 111 மில்லிமீற்றர். விட்டத்தைவிட ஓட்டம் நீண்டிருப்பதால் கிராங்க் தண்டின் கையும் நீண்டது. கிணற்றுக் கப்பியின் கைப்பிடி நீளமாக இருந்தால் குறைந்த பலத்திலேயே திருப்ப முடிவது போல, அந்த நீண்ட கை குறைந்த சுற்றிலேயே வலுவான முறுக்கு விசையைத் தரும். அதன் அமுக்க விகிதம் 6.48க்கு 1. இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் இது மிகத் தாழ்வு. தாழ்வான அந்த அமுக்கமே தரம் குறைந்த பெற்றோலையும் அது சலிக்காமல் ஏற்றுக்கொள்ளக் காரணமாயிற்று.

1944ஆம் ஆண்டில் தென்கிழக்காசிய நேசப் படைகளின் தலைமையகம் கண்டிக்கு வந்தது. இலங்கையின் வீதிகளில் இராணுவ ஜீப் பழகிய காட்சியான காலம் அது. தோட்டப் பாதைகளுக்கும் காட்டுப் பாதைகளுக்கும் ஏற்ற வண்டி எது என்பதை மலைநாட்டவர் கண்ணாரக் கண்டனர்.

போருக்குப் பின் பிரிட்டனில் இதே வரலாறு வேறு வடிவில் தொடர்ந்தது. ரோவர் கார் நிறுவனத்தின் பொறியியல் தலைவர் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில் போர்க்கால ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது பழுதானால் அதற்கு மாற்று யாது என்ற கேள்வியிலிருந்து லாண்ட் ரோவர் பிறந்தது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியிடப்பட்டது. அதன் எஞ்சின், ரோவர் 60 என்னும் குடும்பக் காருக்கென்று செய்யப்பட்ட 1,595 கன சென்ரிமீற்றர் எஞ்சின். அதன் ஆற்றல் 50 குதிரைச் சக்தி.

சில ஆண்டுகளில் அவ்வெஞ்சின் பண்ணை வேலைக்குப் போதாது எனத் தெரிந்தது. 1952 அளவில் அதன் கொள்ளளவு 1,997 கன சென்ரிமீற்றராக உயர்த்தப்பட்டது. இங்கே ஓர் எண்ணைக் கவனிக்கவேண்டும். குதிரைச் சக்தி 50இலிருந்து 52 ஆக மட்டுமே உயர்ந்தது. ஆனால் முறுக்கு விசை ஏறக்குறைய நாலிலொரு பங்கு கூடியது. அதுவும் முன்னைவிடக் குறைந்த சுற்றிலேயே கிடைத்தது. விளம்பரத்தில் எடுத்துச் சொல்லத்தக்க எண் அசையாமல் நிற்க, மலையேற்றத்தில் உதவும் எண் மட்டும் வளர்ந்தது. நிலத்துக்கு ஏற்ற திருத்தம் என்பது இதுவே.

இதைவிடத் துணிவான எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்கப் பியூக் கார்களில் 1961ஆம் ஆண்டு வந்த மூன்றரை லீற்றர் அலுமினிய எஞ்சினைச் செய்யும் உரிமையை ரோவர் நிறுவனம் 1965இல் பெற்றது. ரோவர் கார்களில் அதன் அமுக்க விகிதம் 10.5க்கு 1 வரை இருந்தது. 1970இல் ரேஞ்ச் ரோவர் வண்டியில் ஏற்றியபோது அது 8.5க்கு 1 ஆகத் தாழ்த்தப்பட்டது. சாய்வில் பெற்றோல் ததும்பாதபடி காபரேட்டரும் மாற்றப்பட்டது. 1979இல் அதே எஞ்சின் உழைப்பு வண்டியான லாண்ட் ரோவருக்கு வந்தபோது, அதன் ஆற்றல் வேண்டுமென்றே 91 குதிரைச் சக்தியாகக் குறைக்கப்பட்டது. கூட்டத் தெரிந்தவர்களே குறைத்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

இனி இந்தத் தொழில்நுட்பம் இலங்கை மண்ணில் வேரூன்றிய கதையைக் காண்போம். 1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டின் பொருளாதாரத் தாராளமயம் வரை அந்நிலை பெரும்பாலும் நீடித்தது. புதிய வண்டியும் வராது. உதிரிப் பாகமும் அரிது. இருப்பதைக் காப்பாற்றுவதன்றி வேறு வழியில்லை. அக்காலத்தில் கராஜ் வைத்திருந்த 'பாஸ்' எனப்படும் தொழில்வல்லுநர், எஞ்சினை இறக்கி, பிரித்து, தேய்ந்ததைக் கடைந்து, உடைந்ததை வார்த்து, மீண்டும் கட்டும் கலையைக் கைப்பழக்கத்தால் கற்றனர். ஒருவரின் கையிலிருந்து மற்றவரின் கைக்கு அக்கல்வி சென்றது. அச்சிட்ட பாடநூல் அவர்களில் பலருக்குக் கிட்டியதில்லை.

தோட்ட மக்களின் வாழ்வில் இக்கலைக்குத் தனி இடம் உண்டு. தோட்டத்து லயத்திலிருந்து வைத்தியசாலைக்கு நெடுந்தூரம். நள்ளிரவில் பிரசவ வேதனையில் துடிக்கும் தாயையோ, மலைச்சரிவில் விழுந்து காயமுற்ற தொழிலாளியையோ கீழே கொண்டுசேர்க்கத் தோட்டத்து லொறியோ ஜீப்போதான் உண்டு. அந்த வண்டி முதல் சுழற்சியில் உயிர்பெறுமா, பாதி ஏற்றத்தில் கொதித்து நின்றுவிடுமா என்பதில் ஓர் உயிரின் முடிவு தங்கியிருந்தது. எஞ்சின் கட்டுபவரின் கவனம் அத்தனை பெரிய பொறுப்பாக இருந்தது.

அக்கவனம் தொடங்கும் இடம் அளவுகோல். எஞ்சினைப் பிரித்தவுடன் சிலிண்டரின் உட்சுவரை மேல், நடு, கீழ் என மூன்றிடங்களில் அளப்பர். பிஸ்டன் வளையம் உராயும் மேற்பகுதியே மிகுதியாகத் தேய்ந்திருக்கும். தேய்வு எல்லை மீறினால் சிலிண்டரைக் கடைந்து வட்டமாக்கி, அதற்கேற்ப ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 அல்லது 30 அல்லது 40 பங்கு பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். ஒவ்வொரு கடைசலும் சுவரை மெலியச் செய்யும். சுவர் மெலிந்தால் சூடு மிகும். ஆகவே தேவைக்கு மேல் ஒரு நூலிழையும் கடையாதிருப்பதே அறிவுடைமை.

சிலிண்டர் தலையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சூட்டினால் வளைந்த தலையின் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது வழக்கம். சீவுந்தோறும் எரியறை சிறுத்து அமுக்கம் உயரும். சிறிது உயர்ந்தால் இழுப்புக் கூடும் என மகிழ்ந்து, வேண்டுமென்றே மிகுதியாகச் சீவுவோரும் உண்டு. தட்டை வீதியில் அதன் தீங்கு தெரியாது. முழுச் சுமையோடு குறைந்த சுற்றில் மலையேறும்போது பெற்றோல் நேரந் தவறி வெடிக்கும். உலோகத்தைத் தட்டுவது போன்ற ஒலி எழும். அவ்வொலியைப் பொருட்படுத்தாமல் ஏறுவோரின் பிஸ்டன் உடைவதும், தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள காஸ்கெட் எரிவதும் காலத்தின் கேள்வியே. தீப்பொறி விழும் நேரத்தை அளவுக்கு மீறி முன்தள்ளினாலும் இதே கேடு விளையும். மிகவும் பின்தள்ளினாலோ எஞ்சின் சோர்ந்து, சூடேறும். நடுநிலையைக் காதால் கேட்டு அறிவதே பழைய பாஸ்மாரின் பயிற்சி.

காபரேட்டரின் சிக்கல் வேறுவகை. அதன் கிண்ணத்தில் ஒரு மிதவை பெற்றோலின் மட்டத்தைக் காக்கின்றது. வண்டி செங்குத்தாகச் சாயும்போது அம்மட்டமும் சாயும். ஒரு பக்கம் ததும்பி எஞ்சின் மூச்சடைக்கும். மறுபக்கம் வற்றி அது பசியால் நின்றுவிடும். மிதவையின் உயரத்தைச் சிறிது குறைத்து வைப்பது ஒரு பரிகாரம். பெற்றோல் சேமிக்கும் ஆசையால் கலவையை மெலியச் செய்வது பெருந்தவறு. மெலிந்த கலவை மிகுந்த சூட்டோடு எரிந்து வால்வுகளைத் தின்றுவிடும்.

சூட்டைத் தணிப்பதில் காட்டுப் பாதை இரக்கமற்றது. வீதியில் விரையும் காருக்கு எதிர்க்காற்றே பாதி உதவி. நடைவேகத்தில் ஊர்ந்தேறும் ஜீப்புக்கு அந்த உதவி இல்லை. விசிறியும் ரேடியேட்டருமே கதி. எனவே பழைய எஞ்சினைக் கட்டும்போது அதன் நீர்வழிகளில் படிந்த துருவையும் களியையும் முற்றாக நீக்குவது முதற்கடமை. சூடேறுகின்றது என்பதற்காக வெப்பக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் வெப்ப நாடுகளில் பரவலாக உண்டு. அது நோயை விட்டு நாடியை அடக்குவதாகும். மலைக்குளிரில் எஞ்சின் உரிய சூட்டை அடையாமலே ஓடி, எண்ணெயில் களி சேர்ந்து, சிலிண்டர் விரைந்து தேயும்.

தூசியோ கண்ணுக்குத் தெரியாத அரம். எம்பிலிப்பிட்டியவின் தெற்கே வறண்ட மாதங்களில் முன்செல்லும் வண்டி எழுப்பும் புழுதியைப் பின்வரும் வண்டி உள்ளிழுக்கின்றது. போர்க்கால ஜீப்பில் இதற்கென்றே எண்ணெய்த் தொட்டி கொண்ட காற்று வடிகட்டி இருந்தது. உட்புகும் காற்று எண்ணெயின் மீது மோதித் திரும்பும்போது தூசி அதில் படிந்துவிடும். அந்த எண்ணெயைக் காலத்தில் மாற்றாதவர் பின்னர் சிலிண்டரையே மாற்ற நேரிடும். ஓடையைக் கடக்கும்போது வேறோர் அபாயம். விசிறி நீரை வாரி மின்பொறிப் பாகங்களின் மேல் இறைக்கும். அதைத் தவிர்க்க விசிறிப் பட்டியைத் தளர்த்திவிட்டு மெல்லக் கடப்பது பழைய முறை.

கட்டி முடித்தவுடன் வேலை முடிவதில்லை. புதிய பிஸ்டனும் வளையமும் சுவரோடு இணங்க முதல் சில நூறு மைல்கள் சுமையின்றி, வேகமின்றி, சுற்றினை மாற்றி மாற்றி ஓட்டவேண்டும். அதன்பின் எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றவேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவரிடம் எத்துணை நன்றாகக் கட்டிய எஞ்சினும் நிலைப்பதில்லை.

2002ஆம் ஆண்டில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது. காற்றுக்கும் குழந்தைகளின் நலனுக்கும் அது பேருதவி. ஆயினும் பழைய எஞ்சின்களில் அந்த ஈயமே வால்வின் இருக்கைக்கு மெத்தை போல் அமைந்து தேய்வைத் தடுத்து வந்தது. அதன்பின் பழைய எஞ்சினைப் புதுப்பிப்போர், வலிய உலோகத்தால் ஆன இருக்கை வளையங்களைப் பதிப்பது இன்றியமையாத வேலையாயிற்று. காலம் மாறும்போது கலையும் மாறவேண்டும் என்பதற்கு இது சான்று.

எம்பிலிப்பிட்டியச் சுற்றாடலும் மாறியது. 1960களில் வளவை கங்கைக்குக் குறுக்கே பேரணை எழுந்து உடவளவை நீர்த்தேக்கம் உருவாயிற்று. அதனைச் சூழ்ந்த ஏறக்குறைய 30,800 ஹெக்டேயர் நிலம் 1972ஆம் ஆண்டில் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கு வாழும் யானைக் கூட்டங்களைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். அவர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் பழையனவும் பல. பெற்றோல் எஞ்சின் கழற்றப்பட்டு ஜப்பானிய டீசல் எஞ்சின் ஏறிய வண்டிகள் இலங்கையெங்கும் உள்ளன. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஈரத்துக்கு அது அஞ்சாது. குறைந்த சுற்றில் நன்கு இழுக்கும். எனினும் அதன் எடை மிகுதி. முன்பக்க வில்லும் தாங்கு சட்டமும் அந்த எடையை ஏற்கும்படி வலுப்படுத்தாமல் எஞ்சினை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலையாகும்.

வனத்தினுள்ளே எஞ்சினுக்கு வேறொரு பண்பும் வேண்டப்படுகின்றது. யானைக் கூட்டத்தின் அருகே அது உறுமலாகாது. மெல்லச் சீராக ஓடவேண்டும். நிறுத்தினால் மீண்டும் உடனே உயிர்பெற வேண்டும். குட்டியோடு நிற்கும் தாய் யானை சினந்து முன்வரும் வேளையில் வண்டி நகர மறுத்தால் விளைவு யாது என்பதை விளக்கவேண்டியதில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. யானைக்கு முன் நிற்கும் எஞ்சினுக்குச் சறுக்க உரிமை இல்லை.

2020ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் எரிபொருளுக்கு நீண்ட வரிசைகள் நின்றன, பங்கீடு வந்தது. தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி தொடங்கியது. அந்த ஆண்டுகளில் பாட்டனார் காலத்துக் கலை பேரர் காலத்தில் மறுபடி தேவைப்பட்டது. புதிது கிடைக்காத நாட்டில் பழையதைப் புதுப்பிக்கத் தெரிந்தவரே செல்வந்தர் என்ற உண்மை இரண்டாம் முறையும் விளங்கியது.

பணமில்லாத நிறுவனமொன்றில் பழைய எஞ்சினைப் பிரித்துப் பார்த்த ரூஸ் ஆகட்டும், இறக்குமதி இல்லாத நாட்டில் தேய்ந்த சிலிண்டரை விரலால் தடவிப் பார்த்த பாஸ் ஆகட்டும், இருவரும் கண்ட பாடம் ஒன்றே. கரடுமுரடான வழியில் வேகம் துணையாவதில்லை. எது உடைகின்றது எனப் பொறுமையோடு பார்த்து, அதனை மட்டும் திருத்தி, அளவோடு நிறுத்திக்கொள்வதே நெடுந்தூரம் கொண்டுசெல்லும். பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். எம்பிலிப்பிட்டியவிலிருந்து மலையேறும் பழைய ஜீப்பின் தாழ்ந்த, சீரான ஒலியில் அம்முதுமொழியின் பொருள் இன்றும் கேட்கின்றது.